பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்கு: இன்டர்ன்ஷிப் முதல் வேலை நேர்காணல் வரை, எதை எந்த வரிசையில் செய்வது?

கேம்பஸ் டிரைவ் அறிவிப்பு வந்த பிறகுதான் பெரும்பாலான மாணவர்கள் தயாராகத் தொடங்குகிறார்கள். முதல் வேலையாக ரெஸ்யூமே எழுத உட்காருகிறார்கள். எழுத ஒன்றும் இல்லாததால் சீனியருடையதை வாங்கிப் பெயரை மாற்றுகிறார்கள். அப்புறம் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். உள்ளே போனதும் முதல் கேள்விக்குப் பதில் வருகிறது. அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி வந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் வரிசை தலைகீழாக இருப்பதுதான். நேர்காணல் எடுப்பவர் கடைசிவரை சோதிப்பது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளை சொல்வதைக் கையால் செய்து பார்த்திருக்கிறதா? ஆகவே முதலில் கைவேலை, அதை வைத்து இன்டர்ன்ஷிப், அதிலிருந்து ரெஸ்யூமே, கடைசியாகத்தான் கேள்வி பதில். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் வணிகவியல் படிப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான்காம் செமஸ்டரில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. ஐந்தாம் செமஸ்டர் வந்துவிட்டவர்கள் 2, 3, 8 ஆகிய பகுதிகளை உடனே தொடங்கிவிட்டு மற்றதைப் பிறகு பாருங்கள்.

1. எந்த மாதிரி வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘எந்த வேலையாக இருந்தாலும் சரி’ என்று சொல்பவருக்கு எதற்குத் தயாராவது என்றே தெரியாமல் போய்விடும். வணிகவியல் படித்தவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஆடிட்டர் அலுவலகங்களும் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவும். தினமும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி, பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கை வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுவது), ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று போகும். நம் ஊர்ச் சட்டமும் தேதிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, சென்னை, கோவை போன்ற நகரங்களில் உள்ள பைனான்ஸ் பிபிஓக்களும் (மற்ற கம்பெனிகளின் கணக்கு வேலையை எடுத்துச் செய்பவை) வெளிநாட்டுக் கம்பெனிகளின் சேவை மையங்களும். அங்கே மூன்று சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பொருள் வாங்குவதிலிருந்து பணம் கொடுப்பது வரை உள்ள வேலை ‘ப்ரொக்யூர் டு பே’. ஆர்டர் வந்ததிலிருந்து பணம் வசூலாவது வரை ‘ஆர்டர் டு கேஷ்’. கணக்கு முடித்து அறிக்கை தருவது ‘ரெக்கார்ட் டு ரிப்போர்ட்’. இங்கே ஜிஎஸ்டி அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள். அக்கவுண்டன்சி அடிப்படை, எக்ஸெல், ஆங்கிலம் மூன்றையும் கேட்பார்கள். நைட் ஷிப்ட் வரலாம்.

மூன்று, வங்கி, இன்சூரன்ஸ், விற்பனை. இங்கே வாடிக்கையாளரிடம் பேசும் திறமையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இதில் ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றைத் துணையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஒரே ரெஸ்யூமே அனுப்புவதுதான் வழக்கமான தவறு.

சி.ஏ. படிக்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஆடிட்டர் அலுவலகத்தில் விடுமுறையில் செய்யும் இன்டர்ன்ஷிப் வேறு, சி.ஏ. படிப்பின் பகுதியாக ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் வேறு. சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப்பில் பதிவு செய்ய முடியும். 2023இல் வந்த புதிய திட்டப்படி அது 2 ஆண்டு. இப்போது செய்வது அந்தக் கணக்கில் சேராது. ஆனால் அந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

2. பெயரையும் இனிஷியலையும் சரிபார்த்துவிடுங்கள்

இதை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன் என்றால், திருத்துவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆஃபர் வந்த பிறகு தொடங்கினால் ஜாயினிங் தேதி தள்ளிப்போகும்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘எஸ். கார்த்திகா’, ஆதாரில் ‘கார்த்திகா செல்வம்’, பான் கார்டில் அப்பா பெயர் முன்னால், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. நம் ஊரில் இது பாதிப் பேருக்கு இருக்கும் சிக்கல். கம்பெனிகள் வேலையில் சேர்ந்ததும் பின்னணிச் சரிபார்ப்பு செய்வார்கள். பி.எஃப். கணக்கும் ஆதாரோடு இணைய வேண்டும். அங்கேதான் இது இடிக்கும்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். இனிஷியலை விரித்து எழுதியே ஆக வேண்டிய இடங்களில் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விரியுங்கள். பான் கார்டு இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள். எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் பெயரோடு சேர்த்துத் தெளிவான கோப்புப் பெயர் வைத்து ஒரே இடத்தில் சேமியுங்கள். மின்னஞ்சல் முகவரியிலும் பெயர் மட்டும் இருக்கட்டும்.

அரியர் இருந்தால் அதுவும் இந்தப் பகுதிதான். பல கம்பெனிகள் டிரைவுக்கு வரும்போதே ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் தேறாத பேப்பர்) இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். மற்ற எல்லாத் தயாரிப்பையும் விட அந்த ஒரு பேப்பரை முடிப்பது முக்கியம்.

3. கைவேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதிக்குக் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

*டேலி.* டேலி பிரைமை இலவசமாகவே எஜுகேஷனல் மோடில் பயன்படுத்தலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் (கணக்குப் பதிவு) போட முடியும். பழகுவதற்கு அது போதும். ஒரு கற்பனைக் கடையைத் தொடங்குங்கள். முதலீடு 2,00,000 ரூபாய், வாடகை, கொள்முதல், கடன் விற்பனை, திரும்பி வந்த சரக்கு, சம்பளம் என்று மூன்று மாதக் கணக்கு போடுங்கள். வீட்டருகே தெரிந்த கடைக்காரர் இருந்தால் அவர் அனுமதியோடு ஒரு மாத பில்களை வைத்துப் போடுவது இன்னும் நல்லது. ஏனென்றால் நிஜ பில்லில்தான் மை அழிந்திருக்கும், தேதி விடுபட்டிருக்கும், ரவுண்ட் ஆஃப் வரும்.

எஃப்4 காண்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் ஆகிய விசைகள் யோசிக்காமல் விரலுக்கு வர வேண்டும். கடையிலிருந்து வங்கியில் பணம் கட்டியதைப் பேமென்ட்டில் போடுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ரொக்கமும் வங்கியும் இரண்டுமே நம்முடையவை. வெளியே யாருக்கும் பணம் போகவில்லை. அதனால் அது காண்ட்ரா.

*எக்ஸெல்.* ‘எக்ஸெல் தெரியும்’ என்று எல்லாரும் சொல்வார்கள். அலுவலகத்தில் அதற்கு அர்த்தம் சம்இஃப்ஸ், விலுக்அப் அல்லது எக்ஸ்லுக்அப், பிவட் டேபிள், டெக்ஸ்ட் டு காலம்ஸ், ஃபில்டர் ஆகியவை. இவற்றைத் தனித்தனியாகக் காணொளி பார்த்துக் கற்றால் இரண்டே வாரத்தில் மறந்துபோகும். ஒரு நிஜப் பிரச்சினையோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான் எல்லாருக்கும் தரும் பயிற்சி இது. ஜிஎஸ்டியில் ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டிஆர்-2பி என்று ஒரு பட்டியல் வரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்கள் அதில் இருக்கும். நம் கொள்முதல் பதிவேட்டையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க வேண்டும். நீங்களே இரண்டு பட்டியல்களை உருவாக்குங்கள், ஒவ்வொன்றிலும் 50 பில். சிலவற்றை ஒரு பட்டியலில் மட்டும் வையுங்கள், சிலவற்றில் தொகையை மாற்றுங்கள். சில பில் எண்களை ஒரு பக்கம் ‘001’ என்றும் மறுபக்கம் ‘1’ என்றும் எழுதுங்கள். இப்போது லுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை மற்றதில் தேடும் ஃபார்முலா) போட்டுப் பொருத்திப் பாருங்கள்.

பாதி பொருந்தாது. அங்கேதான் கற்றல் தொடங்குகிறது. எண் எழுத்தாகப் பதிந்திருக்கும். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கும். விலுக்அப்பின் கடைசியில் 0 போட மறந்திருப்பீர்கள். அதனால் அது தோராயமாகப் பொருத்தித் தப்பான பதிலைத் தந்திருக்கும், பிழை என்று சொல்லவும் செய்யாது. ஒரே பில் எண் இரண்டு விற்பனையாளர்களிடம் இருக்கும், அதனால் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து, ஒப்பிடுவதற்கான ஒரு திறவுகோல் செய்ய வேண்டியிருக்கும். இந்தப் பயிற்சியை ஒருமுறை முழுதாக முடித்தவர் நேர்காணலில் எக்ஸெல் பற்றி எது கேட்டாலும் தன் அனுபவத்திலிருந்து பதில் சொல்வார்.

*அடிப்படை ஜிஎஸ்டி.* ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். மாதாந்திரம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) அடுத்த மாதம் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டுவதற்கான சுருக்க அறிக்கை) 20ஆம் தேதி. பழைய கைடுகளை நம்பி வரி விகிதம் சொல்லாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 5, 18 என்று இரண்டு விகிதங்களாகச் சுருங்கிவிட்டது, சிலவற்றுக்கு 40. வருமான வரியிலும் இதே எச்சரிக்கை: 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எண்ணை மனப்பாடம் செய்வதை விட எதற்கு, ஏன் வரி பிடிக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

*பேங்க் ரீகன்சிலியேஷன்.* பாடத்தில் படித்ததுதான். ஆனால் உங்கள் சொந்த வங்கிக் கணக்கின் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, நீங்களே ஒரு கேஷ் புக் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யுபிஐயில் போன சில்லறைச் செலவுகளும் எஸ்எம்எஸ் கட்டணமும் எங்கே விடுபடுகின்றன என்று கண்ணுக்குத் தெரியும்.

4. இன்டர்ன்ஷிப் கேட்பது எப்படி

நான்காம் செமஸ்டர் முடிந்து வரும் மே மாதம்தான் சரியான நேரம். மார்ச் 31 அன்று முடிந்த வருடக் கணக்கை ஆடிட்டர் அலுவலகங்கள் அப்போது முடித்துக்கொண்டிருக்கும். என்ட்ரி, பேங்க் ஒப்பீடு என்று புதியவர்களுக்குக் கொடுக்கக்கூடிய வேலை நிறைய இருக்கும். ஐந்தாம் செமஸ்டரில் டிரைவ் தொடங்கும்போது உங்கள் கையில் ஒரு அனுபவமும் இருக்கும்.

பெரிய கம்பெனிக்காகக் காத்திருக்காதீர்கள். பெரிய இடத்தில் ஒரு மாதம் பார்வையாளராக உட்கார்ந்திருப்பதை விட, உங்கள் ஊரில் நாலு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம் பில்களோடு இருப்பது நேர்காணலில் அதிகம் உதவும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். சின்ன அலுவலகத்தில் எல்லா வேலையும் உங்கள் கண்முன் நடக்கும்.

முதலில் துறைத்தலைவரிடம் போய்ப் பரிந்துரைக் கடிதமும் போனஃபைட் சான்றிதழும் வாங்குங்கள். கடிதம் இல்லாமல் போனால் ‘யார் அனுப்பினார்கள்?’ என்பதிலேயே பேச்சு நின்றுவிடும். பிறகு நேரில் போங்கள். ஆனால் தேதி பார்த்துப் போங்கள். 7ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. இந்தத் தேதிகளை ஒட்டிப் போனால் உங்களிடம் பேச யாருக்கும் நேரம் இருக்காது. 23ஆம் தேதிக்கு மேல் போவது நல்லது.

முன்கூட்டியே அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

‘வணக்கம் சார். நான் பி.காம். இரண்டாமாண்டு மாணவி. மே 2 முதல் ஜூன் 10 வரை எனக்கு விடுமுறை. டேலியில் வவுச்சர் என்ட்ரியும் பேங்க் ரீகன்சிலியேஷனும் பழகியிருக்கிறேன். 2பி ஒப்பீட்டை எக்ஸெலில் செய்து பார்த்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய அனுமதி கிடைக்குமா? கல்லூரிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. எந்த நாள் வந்தால் உங்களைப் பார்க்கலாம்?’

தேதியும் தெரிந்த வேலையும் இருப்பதால் அவரால் உடனே முடிவெடுக்க முடியும். ‘எனக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்’ என்று மட்டும் அனுப்பினால் அவர்தான் யோசிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் வராது. ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குமேல் வேண்டாம், அடுத்த அலுவலகத்துக்குப் போங்கள்.

உதவித்தொகை தருவார்களா என்று கேட்பதில் தவறே இல்லை. பல சின்ன அலுவலகங்கள் தருவதில்லை, சில இடங்களில் பஸ் செலவுக்குத் தருவார்கள். ஆனால் இன்டர்ன்ஷிப்புக்காக உங்களிடம் பணம் கேட்பவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் விற்பது சான்றிதழ்.

5. இன்டர்ன்ஷிப் நடக்கும்போது

தினமும் சாயங்காலம் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், எத்தனை செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டதும் அதை எப்படிச் சரி செய்தீர்கள் என்பதும்தான் பிறகு நேர்காணலில் உங்கள் பதிலாக மாறும். மாதக் கடைசியில் யோசித்து எழுதினால் ஒன்றும் நினைவுக்கு வராது.

வாடிக்கையாளர் பெயர், வருமானம், பான் எண் எதையும் அந்த நோட்டில் எழுதாதீர்கள். கணினித் திரையைப் படம் எடுக்காதீர்கள். ‘ஒரு ஜவுளிக்கடை’, ‘ஒரு லாரி உரிமையாளர்’ என்று எழுதினால் போதும். நேர்காணலில் நீங்கள் பெயர் சொல்லாமல் பேசுவதை வைத்தே உங்களை நம்பலாமா என்று எடைபோடுவார்கள்.

சந்தேகங்களைச் சேர்த்துவைத்து ஒரே நேரத்தில் கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்க் கேட்டால் சீனியரின் வேலை கெடும். அதற்காக, புரியாமல் நாள் முழுக்கத் தப்பாகவே போட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. முதல் பத்து என்ட்ரியைப் போட்டுக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டு மற்றதைத் தொடருங்கள்.

கல்லூரிக்குக் கொடுக்கும் அறிக்கையை நீங்களே எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பழைய ப்ராஜெக்ட்டை பைண்ட் செய்து கொடுத்தவர்கள் நேர்காணலில் ‘சாம்பிள் எத்தனை? ஏன் அந்த எண்ணிக்கை?’ என்ற கேள்வியில் அகப்படுவார்கள். அந்த இடத்தில் மற்ற எல்லாப் பதில்களின் மீதும் சந்தேகம் விழுந்துவிடும்.

6. இப்போது ரெஸ்யூமே

ஒரு பக்கம். அதற்குமேல் வேண்டாம். கல்வி, இன்டர்ன்ஷிப், தெரிந்த மென்பொருள், மொழிகள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, கீழே ‘மேலே சொன்னவை உண்மை’ என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தை வேலைக்குக் கொடுங்கள்.

‘ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கற்றுக்கொண்டேன்’ என்று எழுதாதீர்கள். ‘ஒரு சில்லறை வணிகத்தின் மூன்று மாதக் கொள்முதல் பதிவேட்டை 2பியோடு ஒப்பிட்டு, பொருந்தாத பில்களைப் பட்டியலிட்டேன்’ என்று எழுதுங்கள். எண்ணிக்கை நோட்டில் இருக்கும், அதையும் சேருங்கள். இரண்டாவது வரியைப் படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி தோன்றும். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும். நல்ல ரெஸ்யூமே என்பது நீங்கள் விரும்பும் கேள்வியைக் கேட்க வைப்பது.

நான் முதல்வன் போன்ற திட்டங்களில் முடித்த படிப்புகளைப் போடலாம். ஆனால் ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச முடிந்தால் மட்டும் போடுங்கள். பேச முடியாத சான்றிதழ் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

7. கம்பெனியைப் படித்துவிட்டுப் போங்கள்

பலரும் கம்பெனியின் இணையதளத்தில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போவார்கள். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் ஆண்டறிக்கையே இலவசமாகக் கிடைக்கும். முழுவதும் படிக்கத் தேவையில்லை. நிர்வாகத்தின் ஆய்வுப் பகுதி, லாப நஷ்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ ஆகிய நான்கு போதும்.

எண்ணை மனப்பாடம் செய்யாமல், அந்தத் தொழிலின் குணம் எண்ணில் எங்கே தெரிகிறது என்று தேடுங்கள். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து தொடங்கிய டைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேலன்ஸ் ஷீட்டில் சரக்கிருப்பு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? நகைத் தொழிலில் சரக்கு என்றால் தங்கம். கரூர் வைசியா வங்கி, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி இவற்றில் சரக்கிருப்பே இருக்காது. அங்கே பார்க்க வேண்டியது வாராக்கடன் விகிதமும், நடப்பு, சேமிப்புக் கணக்குகளில் உள்ள டெபாசிட்டின் பங்கும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன் என்ற அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி ஒரே ஒரு கவனிப்பைக் கொண்டுபோனால்கூடப் போதும். ‘எங்கள் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்?’ என்று கேட்டால் தொடங்கிய வருடமும் கிளை எண்ணிக்கையும் சொல்பவர்களிடமிருந்து நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

8. கேள்விகளுக்குத் தயாராவது

*உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.* பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், அம்மா இல்லத்தரசி, பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. இந்தப் பதிலை அவர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாலு வாக்கியம் போதும்: என்ன படிக்கிறேன், கையால் என்ன செய்திருக்கிறேன், அதில் எது எனக்குப் பிடித்தது, அதனால் ஏன் இந்த வேலைக்கு வந்திருக்கிறேன். நிறுத்திவிடுங்கள். அடுத்த கேள்வி இரண்டாவது வாக்கியத்திலிருந்து வரும்.

*ஜர்னல் என்ட்ரி.* மார்ச் மாதச் சம்பளம் 30,000 கொடுக்கப்படவில்லை. என்ட்ரி என்ன? சம்பளக் கணக்கு டெபிட், கொடுபடவேண்டிய சம்பளம் கிரெடிட். இதுவரை எல்லாரும் சொல்வார்கள். ‘ஏப்ரலில் கொடுக்கும்போது?’ என்றால் பலரும் மறுபடி சம்பளக் கணக்கை டெபிட் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரே செலவு இரண்டு தடவை ஏறும். டெபிட் ஆக வேண்டியது கொடுபடவேண்டிய சம்பளம், கிரெடிட் வங்கி. எந்த என்ட்ரியைப் படித்தாலும் அடுத்த மாதம் அது எப்படி முடிகிறது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

*தேய்மானம் 10,000 கூடினால் மூன்று அறிக்கையிலும் என்ன ஆகும்?* வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 10,000 குறைகிறது, வரி 2,500 குறைகிறது, நிகர லாபம் 7,500 குறைகிறது. கேஷ் ஃப்ளோவில் 7,500 குறைவோடு தொடங்கி, ரொக்கமாகப் போகாத தேய்மானம் 10,000ஐக் கூட்டினால் ரொக்கம் 2,500 கூடுகிறது. பேலன்ஸ் ஷீட்டில் சொத்து 10,000 குறைகிறது, ரொக்கம் 2,500 கூடுகிறது, மொத்தத்தில் 7,500 குறைவு. மறுபக்கம் இருப்பு லாபமும் 7,500 குறைவு. இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றன. இதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். ‘தேய்மானம் ரொக்கச் செலவு இல்லை, அதனால் ரொக்கம் மாறாது’ என்று சொல்லிவிடுவதுதான் பொதுவான தவறு. வரி மிச்சமானதை மறந்துவிடுகிறார்கள்.

*மூன்று ஆவண ஒப்பீடு.* பிபிஓ நேர்காணலில் இது வரும். பர்ச்சேஸ் ஆர்டரில் 100 பெட்டி. சரக்கு வந்ததற்கான ரசீதில் 95. விற்பனையாளரின் பில்லில் 100. என்ன செய்வீர்கள்? பணம் கொடுப்பேன் என்பதும் தப்பு, பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று அவசரப்படுவதும் சரியில்லை. பில்லை நிறுத்திவைத்து, மீதி 5 பெட்டி வழியில் இருக்கிறதா அல்லது குறைவாகத்தான் அனுப்பினார்களா என்று ஸ்டோர்ஸிலும் கொள்முதல் பிரிவிலும் கேட்டு, குறைவு என்றால் விற்பனையாளரிடம் 5 பெட்டிக்கு கிரெடிட் நோட் வாங்கிய பிறகு 95க்குப் பணம். வரிசையாகச் சொல்லுங்கள். அவர்கள் பார்ப்பது அந்த வரிசையைத்தான்.

*அரியர் ஏன் வந்தது? மார்க் ஏன் குறைந்தது?* உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, எப்போது முடித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஆசிரியர்மீதும் கல்லூரிமீதும் பழி போடாதீர்கள்.

*நைட் ஷிப்ட் வர முடியுமா? வெளியூர் போவீர்களா?* இதற்கான பதிலை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். நேர்காணலில் ‘சரி’ என்று சொல்லிவிட்டு, ஆஃபர் வந்ததும் வீட்டில் மறுத்ததால் விடும் மாணவர்கள், குறிப்பாக மாணவிகள், ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். பெற்றோருக்குத் தெரிய வேண்டியவை ஷிப்ட் நேரம், கேப் வசதி, தங்கும் இடம், மாதம் கையில் என்ன மிஞ்சும் என்பவைதான். அந்த விவரங்களோடு பேசினால் பாதி மறுப்பு கரைந்துவிடும். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லி, பகல் ஷிப்ட் வேலைகளுக்குப் போங்கள்.

*எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?* ‘முதல் மூன்று மாதம் என்ன வேலை தருவீர்கள்? பயிற்சி எப்படி இருக்கும்?’ என்று கேளுங்கள். ‘இல்லை’ என்று எழுந்துவிடாதீர்கள்.

9. ஆங்கிலமும் ஒத்திகையும்

தமிழ்வழியில் படித்தவர்கள் இங்கேதான் கலங்குகிறார்கள். அழகான ஆங்கிலம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சின்ன வாக்கியம், நிறுத்தி நிதானமாக. 8ஆம் பகுதியின் பதில்களை நீங்களே உங்கள் ஆங்கிலத்தில் எழுதி, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். இணையத்தில் உள்ள பதிலை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் போய்விடும். சொந்த வாக்கியத்தில் ஒரு சொல் மறந்தால் வேறு சொல் வரும்.

ஒரு நண்பரை எதிரே உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள். அவருக்கு ஒரே ஒரு விதி: ஒவ்வொரு பதிலுக்கும் ‘எப்படி?’ அல்லது ‘ஏன்?’ என்று ஒருமுறை கேட்க வேண்டும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி சொல்லும்படி கேட்கவும் அந்த ஒத்திகையில் பழகிக்கொள்ளுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வேறு எதையோ சொல்வதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

10. அன்றைய நாள்

சான்றிதழ் அசலும் இரண்டு நகலும், ரெஸ்யூமே மூன்று பிரதி, போட்டோ, பேனா, வெள்ளைத்தாள். இஸ்திரி போட்ட சாதாரண உடை. அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள். அசலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

இணையவழி நேர்காணல் என்றால் முந்தைய நாளே அதே இடத்தில் அதே நேரத்தில் இணைப்பைச் சோதியுங்கள். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். பக்கத்தில் ஆள் நின்று பதில் சொல்லிக்கொடுப்பது கண் அசைவிலேயே தெரிந்துவிடும்.

முடிந்ததும், தேர்வானாலும் இல்லாவிட்டாலும், கேட்ட கேள்விகளை எல்லாம் அன்றே எழுதி வையுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அதுதான் பாடநூல்.

11. ஆஃபர் லெட்டரைப் படிப்பது

சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு) 2,40,000 என்றால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி கட்டும் பி.எஃப். 1,200, கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 480, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சுமார் 575 எல்லாம் அந்த 20,000க்குள்ளேயே இருக்கும். மீதியிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,200ம் இ.எஸ்.ஐ. சுமார் 130ம் போகும். கையில் வருவது 16,400 அளவில். சென்னையில் விடுதி வாடகையையும் பஸ் பாஸையும் இந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து, கடிதத்தில் பாண்ட் இருக்கிறதா, எத்தனை மாதம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், ப்ரொபேஷன் எவ்வளவு காலம், நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள். அசல் சான்றிதழைக் கம்பெனியில் வைத்துக்கொள்வோம் என்றாலோ, டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலோ சேராதீர்கள். மின்னஞ்சல் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு வேண்டாம்.

ஜாயினிங் தேதி ஆறாம் செமஸ்டர் தேர்வோடு மோதினால் தேர்வுக் கால அட்டவணையை இணைத்து எச்ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பித் தேதி மாற்றக் கேளுங்கள். ப்ரொவிஷனல் சான்றிதழ் எந்த மாதம் கிடைக்கும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து அதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். தொலைபேசியில் ‘சரி, பரவாயில்லை’ என்று சொன்னால், அதை எழுத்தில் ஒருவரி அனுப்பும்படி மறுபடி கேளுங்கள். சேரும் நாளில் எதிரே உட்கார்ந்திருப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.